புகைக்குழாயை மாற்றும் முன்

(அறக்கட்டளையின் நலக்கூட்டத்தில், வாகனப் பட்டறைச் சகோதரர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



 

கல்வி உதவி, மருத்துவ முகாம், வட்டியில்லாக் கடன் என்று பேசும் இந்த மேடையில் வண்டியின் புகைக்குழாயைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. இன்று வீட்டுக்கு ஒரு பைக் இருக்கிறது. பல வீடுகளில் காரும் வந்துவிட்டது. வாப்பா வளைகுடாவில் பாடுபட்டு அனுப்பிய பணத்தில் வாங்கிய வண்டியை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் எங்கள் பட்டறைகளுக்கு வருகிறார்கள். "பாய், ஹெட்டர் மாத்தணும், கேட்டை எடுத்துடுங்க, சவுண்டு நல்லா வரணும்" என்று கேட்கிறார்கள். கைபேசியில் ஒரு வீடியோவையும் காட்டுகிறார்கள். அந்த வேலையில் எது செய்யத்தக்கது, எது செய்யத்தகாதது என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து கேட்கட்டும் என்றுதான் நிர்வாகிகள் எங்களை அழைத்திருக்கிறார்கள்.

வண்டி மீது ஆசைப்படுவது குற்றம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. எங்கள் பிழைப்பே வண்டிதான். நல்ல என்ஜின் சீராக ஓடும் ஓசை எங்களுக்கும் பிடிக்கும். நாங்கள் சொல்ல வந்தது ஒன்றுதான். புகைக்குழாயை மாற்றினாலும், புகையைச் சுத்தம் செய்யும் கருவியும் அதைக் கண்காணிக்கும் சென்சார்களும் முன்பு போலவே வேலை செய்ய வேண்டும். அதற்கு வழியில்லாத வண்டியில் அந்த வேலையைச் செய்யக்கூடாது.

குழாய்க்குள் நடப்பது

தாய்மார்களுக்கும் புரியும்படி கொஞ்சம் விளக்குகிறோம். என்ஜினில் பெட்ரோல் எரிந்தபின் வரும் சூடான புகை முதலில் மேனிஃபோல்டு என்னும் பகுதிக்கு வருகிறது. நாலு சிலிண்டர் இருந்தால் நாலு வாசல்; அந்த நாலையும் ஒன்றாகச் சேர்ப்பதுதான் மேனிஃபோல்டின் வேலை. கம்பெனி வண்டிகளில் இது பெரும்பாலும் வார்ப்பிரும்பாலோ, தகட்டை அழுத்திச் செய்தோ இருக்கும். அதற்குப் பதிலாக, தனித்தனிக் குழாய்களை ஒரே நீளத்தில் வளைத்து, சற்றுத் தள்ளி ஒன்றாகச் சேர்த்துச் செய்வதைத்தான் ஹெட்டர் என்கிறார்கள்.

ஜும்ஆ முடிந்ததும் எல்லோரும் ஒரே வாசலில் நெருக்கியடித்தால் என்ன ஆகும்? ஒருவர் வழியை ஒருவர் மறிப்பார். வரிசை வரிசையாகத் தனி வழியில் வந்து தெருமுனையில் சேர்ந்தால் தடையில்லாமல் போகலாம். ஹெட்டரின் கணக்கும் அதுதான். ஒரு சிலிண்டரின் புகை அடுத்ததன் புகையைத் தடுக்காமல், முன்னால் போகும் புகை பின்னால் வருவதை இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

அதற்கு அடுத்து வருவது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். பிள்ளைகள் 'கேட்' என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். வெளியே பார்த்தால் சின்ன இரும்பு டப்பா. உள்ளே தேன்கூடு போல நுண்ணிய துளைகள் உள்ள பீங்கான் கட்டை இருக்கும். ஒரு சதுர அங்குலத்தில் சுமார் 400 துளைகள் என்பது பரவலாக உள்ள அளவு. அந்தத் துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலையுயர்ந்த உலோகங்களை மெல்லிய பூச்சாகப் பூசியிருப்பார்கள். நச்சான கார்பன் மோனாக்சைடை இது கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகிறது. எரியாமல் மிச்சமான ஹைட்ரோகார்பனை எரித்து முடிக்கிறது. நுரையீரலைப் புண்ணாக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சாதாரண நைட்ரஜனாகப் பிரிக்கிறது. மூன்று வேலையையும் ஒரே டப்பா செய்கிறது.

இரண்டு நிபந்தனைகள் நிறைவேறினால்தான் அது வேலை செய்யும். முதலாவது சூடு. ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய பிறகே அது உயிர்பெறும். இரண்டாவது, எரிபொருளும் காற்றும் சரியான அளவில் கலக்க வேண்டும். பெட்ரோலுக்கு ஒரு பங்கு எடைக்கு 14.7 பங்கு காற்று என்பது கணக்கு. இந்த அளவைக் காப்பதற்காகத்தான் கேட்டுக்கு முன்னால் ஓர் ஆக்ஸிஜன் சென்சார் இருக்கிறது. அது சொல்வதைக் கேட்டு, என்ஜினின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. கேட்டுக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு சென்சார், கேட் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்கிறது.

இந்த டப்பா நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. ஈயம் கலந்த பெட்ரோல் பட்டால் அந்தப் பூச்சு கெட்டுப்போகும் என்பதால் ஈயமில்லாப் பெட்ரோலும் அப்போதே அங்கே வந்தது. 2000ஆம் ஆண்டில் நாடு முழுவதும் வந்துவிட்டது. 2017 ஏப்ரலில் பிஎஸ் 4 விதி நாடு முழுவதற்கும் வந்தது. 2020 ஏப்ரலிலிருந்து பிஎஸ் 6. பிஎஸ் 4 பெட்ரோல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 80 மில்லிகிராம் வரை நைட்ரஜன் ஆக்சைடு விடலாம் என்றிருந்தது. பிஎஸ் 6இல் அது 60 ஆகக் குறைந்தது. டீசல் காருக்கு 250இலிருந்து 80 ஆனது. இவ்வளவு முயற்சியும் நாம் இழுக்கும் மூச்சுக்காக நடந்தது. அந்த டப்பாவை அரை மணி நேரத்தில் அறுத்தெடுத்துவிட்டால் அந்த வண்டியைப் பொறுத்தவரை அத்தனையும் வீண்.

எந்த வண்டியில் முடியும், எதில் முடியாது

இளைஞர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். பழைய கார்கள் பலவற்றில் மேனிஃபோல்டு தனி, கேட் தனி. கேட் வண்டியின் அடியில், குழாயின் நடுவே இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் மேனிஃபோல்டு வெடித்துவிட்டாலோ, துருப்பிடித்து ஓட்டையானாலோ ஹெட்டர் போடலாம். கேட்டையும் சென்சார்களையும் தொட வேண்டிய அவசியம் வராது.

புதிய வண்டிகள் பலவற்றில் கேட் சீக்கிரம் சூடேற வேண்டும் என்பதற்காக அதை என்ஜினுக்கு மிக அருகில், மேனிஃபோல்டோடு சேர்த்தே செய்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே உருப்படி. இந்த வண்டியில் 'ஹெட்டர் மாத்தணும்' என்றால் 'கேட்டை எடுத்துவிடு' என்றுதான் அர்த்தம். பையனுக்கு அது தெரியாமல் இருக்கலாம்; வேலை செய்பவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மறைத்து வேலை செய்தால் அந்தக் கூலி எப்படி மனதுக்கு உறுத்தாமல் இருக்கும்?

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து இறக்குமதி ஹெட்டர் வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், இப்படிப்பட்ட பாகம் புகையைக் கூட்டவில்லை என்று சோதித்துக் காட்டினால்தான் அரசு ஒரு ஆணை எண் கொடுக்கும். அந்த எண் எந்த மாடலுக்கு, எந்த ஆண்டு வண்டிக்கு என்று குறிக்கப்பட்டிருக்கும். அங்கேயும் கேட்டைக் கழற்றுவது சட்டத்துக்கு விரோதம்தான். பெட்டியின் மேல் அந்த ஊர் முத்திரை இருக்கிறது என்பதால் நம் ஊரில் அதற்கு அனுமதி கிடைத்ததாக ஆகிவிடாது.

இன்னொரு தந்திரமும் நடக்கிறது. கேட்டை எடுத்ததும் டேஷ்போர்டில் என்ஜின் விளக்கு எரியும். ஸ்கேனரை மாட்டினால் பி0420 என்ற எண் வரும். கேட்டின் திறன் குறைந்துவிட்டது என்று பொருள். அதை மறைக்கப் பின் சென்சாருக்கு அடியில் நட்டு வைத்து ஏமாற்றுவது, கம்ப்யூட்டரில் அந்த எச்சரிக்கையையே அழித்துவிடுவது என்று சிலர் செய்கிறார்கள். காய்ச்சல் என்று காட்டும் தெர்மாமீட்டரை உடைத்துப் போட்டால் காய்ச்சல் போய்விடுமா?

செய்வதென்றால் இப்படிச் செய்யுங்கள்

மாற்றத்தக்க வண்டியில் மாற்றும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறோம். பட்டறையில் வண்டியை விடும் அப்பாமார்களும் இவற்றைக் கேட்டு வாங்கலாம்.

முதலில், கை வைப்பதற்கு முன்பே ஒரு புகைச் சோதனை செய்து அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் மீண்டும் செய்யுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் செய்த வேலை நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, புதிய ஹெட்டரில் முன் சென்சாருக்கான இடம் பழைய இடத்துக்கு நிகராக இருக்க வேண்டும். எல்லாச் சிலிண்டரின் புகையும் சேர்ந்த பிறகு அது இருக்க வேண்டும்; ஒரு சிலிண்டரின் குழாயில் மட்டும் வைத்தால் அந்த ஒன்றின் நிலவரத்தைத்தான் கம்ப்யூட்டர் அறியும். கேட்டையும் வெகுதூரம் பின்னால் தள்ளக்கூடாது. தள்ளினால் காலையில் வண்டியை எடுத்ததும் அது சூடேறத் தாமதமாகும். அதுவரை வரும் புகை அத்தனையும் சுத்தமாகாமல் தெருவுக்குப் போகும். பள்ளிக்கூடம் வரை இரண்டு கிலோமீட்டர் ஓடும் வண்டி பாதி வழியை அப்படியே கடந்துவிடும்.

மூன்றாவது, கசிவு இருக்கவே கூடாது. மேனிஃபோல்டு இணைப்பில் மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும், புகை துடித்துத் துடித்து வரும்போது இடையிடையே வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சென்சார் அதைப் பார்த்து 'காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை' என்று தவறாகச் சொல்லும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் குறையும், புகை கூடும். மிச்சப் பெட்ரோல் கேட்டுக்குள் போய் எரிந்து அந்தப் பீங்கான் கட்டையே உருகிவிடலாம். ஒரு கேஸ்கட்டில் கஞ்சத்தனம் பார்த்துக் கேட்டையே இழப்பது அறிவீனம். எப்போதும் புது கேஸ்கட் போடுங்கள். ஸ்டட்டுகளை நடுவிலிருந்து இருபக்கமும் மாறி மாறி இறுக்குங்கள். ஒருமுறை நன்றாகச் சூடாகி ஆறிய பின் மறுபடியும் சரிபாருங்கள். காலையில் குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது 'டிக் டிக்' என்று சத்தம் வந்து, சூடேறியதும் அடங்கிவிட்டால் அங்கே கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். சோப்பு நீரைத் தடவி, குழாயின் பின்முனையிலிருந்து மெல்லக் காற்றைச் செலுத்தினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

நான்காவது, சாதாரண சிலிக்கான் பேஸ்டை இணைப்புகளில் அப்பாதீர்கள். அதன் ஆவி ஆக்ஸிஜன் சென்சாரைக் கெடுத்துவிடும். சென்சாருக்குத் தீங்கில்லாதது என்று குறிப்பிட்டவற்றை மட்டுமே பயன்படுத்த வேண்டும். சென்சார் வயரும் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் ஹெட்டரின் சூட்டுக்கு அருகில் வராதபடி கட்டுங்கள். கம்பெனி வைத்த வெப்பத் தடுப்புத் தகட்டைக் கழற்றிக் குப்பையில் போடாதீர்கள். வண்டிக்கு அடியில் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான்.

ஐந்தாவது, கடைசியாக ஸ்கேனரில் பாருங்கள். வண்டி சூடான பின், பல வண்டிகளில் உள்ள சாதாரண வகை முன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். பின் சென்சார் ஏறக்குறைய நிலையாக நிற்கும். பின்னதும் முன்னதைப் போலவே குதித்தால் கேட் வேலை செய்யவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

இவ்வளவு செய்தால் கிடைப்பது என்ன என்றும் உண்மையைச் சொல்லிவிடுகிறோம். கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடும் சின்ன என்ஜின் காரில் ஹெட்டரை மட்டும் மாற்றினால் ஓட்டுபவருக்குத் தெரியும்படியான வேகம் பெரிதாக வராது. ஹெட்டரின் பலன் தெரிவது அதிக சுழற்சியில் ஓடும்போதுதான்; நம் தெருவில் யாரும் அப்படி ஓட்டுவதில்லை, ஓட்டவும் கூடாது. மாறுவது பெரும்பாலும் சத்தம் மட்டுமே. அதே பணத்தில் ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், நல்ல டயர் வாங்கினால் வண்டி நிஜமாகவே நன்றாக ஓடும்.

சட்டம் சொல்வது

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அவற்றில் 115ஆவது விதி புகை அளவையும், 120ஆவது விதி சைலன்ஸர் இருக்க வேண்டும் என்பதையும் சொல்கின்றன. வண்டி பதிவாகி ஓராண்டு முடிந்ததும் புகைச் சான்றிதழ் வேண்டும். பிஎஸ் 4, பிஎஸ் 6 வண்டிகளுக்கு அது ஓராண்டு செல்லும். அதற்கு முந்தைய வண்டிகளுக்கு ஆறு மாதம். பிஎஸ் 4, பிஎஸ் 6 பெட்ரோல் காருக்குச் சும்மா ஓடும்போது கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 200 பங்குக்கு மேல் போகக்கூடாது. நிமிடத்துக்குச் சுமார் 2500 சுற்றில் வைத்துப் பார்க்கும்போது கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதம்தான் வரம்பு.

மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டது. புகை, சத்தம் பற்றிய அளவை மீறிய வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால் 190ஆவது பிரிவின்படி முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதோடு மூன்று மாதம் ஓட்டுநர் உரிமமும் போகும். பெற்றோர் இங்கே கவனியுங்கள். ஓட்டியவரை மட்டுமல்லாமல் ஓட்ட அனுமதித்தவரையும் அந்தப் பிரிவு சேர்த்துச் சொல்கிறது. அனுமதியில்லாத விதத்தில் வண்டியை மாற்றியமைத்தால் 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆர்சி புத்தகம் வாப்பா பெயரில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் வாப்பாதான்.

இனி ஒரு கசப்பான விஷயம். வண்டியைக் கொண்டுபோகாமலே, குழாயில் கருவியை விடாமலே, பணத்தைக் கொடுத்துப் புகைச் சான்றிதழ் வாங்குவதைச் சிலர் சாமர்த்தியமாக நினைக்கிறார்கள். நடக்காத சோதனை நடந்ததாகச் சொல்லும் தாள் அது. பொய்ச் சாட்சியை எவ்வளவு கடுமையாக மார்க்கம் எச்சரித்திருக்கிறது என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஆலிம்கள் மேடையில் இருக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள்.

உண்மையாகவே தேறிய சான்றிதழும் முழுக்கதையைச் சொல்லாது. அந்தச் சோதனையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் பார்க்கப்படுகின்றன. நைட்ரஜன் ஆக்சைடு அளக்கப்படுவதில்லை. ஆகவே 'எப்படியோ பாஸாகிவிட்டது' என்பது போதாது. கருவி கண்டுபிடிக்காததையும் நம் மனசாட்சி அறியும்.

முதலில் பாதிக்கப்படுவது யார்?

புகை யாருக்குப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். முதலில் நம் வீட்டாருக்குத்தான். ஹெட்டர் இணைப்பில் கசியும் புகை பானெட்டுக்குள் நிறைந்து, ஏசிக்குக் காற்று எடுக்கும் வழியாகக் காருக்குள் வரலாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. அது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் வரும். பயணக் களைப்பு என்று நினைப்போம். பின் சீட்டில் பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஹெட்டர் வேலை செய்த வண்டியில் இந்த அறிகுறிகள் ஒருவருக்கு வந்தாலும் உடனே கண்ணாடிகளை இறக்குங்கள், வண்டியை நிறுத்தி எல்லோரையும் இறக்குங்கள், மருத்துவமனைக்குப் போங்கள். கதவு மூடிய ஷெட்டுக்குள் எந்த வண்டியையும் ஓடவிட்டு நிற்காதீர்கள்.

அடுத்துப் பாதிக்கப்படுவது அண்டை வீட்டார். ஆஸ்துமா உள்ள முதியவர், கைக்குழந்தை, கருவுற்ற தாய் இல்லாத தெரு ஏது? சத்தமும் அப்படித்தான். புதிய கார் கடந்து போகும்போது 74 டெசிபலுக்கு மேல் சத்தம் வரக்கூடாது என்பது தயாரிப்பு விதி. 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு 80. குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபலுக்கு மேல் சத்தம் இருக்கக்கூடாது என்றும், மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்றும் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன.

ரமளான் இரவுகளில் தராவீஹ் முடிந்ததும் சைலன்ஸர் திறந்த பைக்குகள் வரிசையாகக் கிளம்பும்போது, தெருவில் இருக்கும் மாற்று மதச் சகோதரர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? ஃபஜ்ருக்குப் பள்ளிக்கு வருவது எத்தனை பெரிய நன்மை! அதற்கு வரும் வழியில் பத்து வீட்டு நோயாளிகளை எழுப்பிவிட்டு வரலாமா? பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானைச் சேர்ந்தது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை மதரஸாவில் சிறு வயதிலேயே படித்திருக்கிறோம். முள்ளும் கல்லும் மட்டும்தானா தொல்லை? காற்றில் நாமே விடும் நஞ்சும் அதில் சேரும்.

விற்கும்போது மறைக்காதீர்கள்

கேட்டை எடுத்துவிட்ட வண்டியைச் சில வருடம் கழித்து விற்கிறோம். வாங்குபவர் ஏழைக் குடும்பத்தவராக இருப்பார். நகையை அடகு வைத்து வாங்கியிருப்பார். அடுத்த புகைச் சோதனையில் வண்டி தேறாது. புதுக் கேட் வாங்க அவரிடம் காசு இருக்காது. அதிலுள்ள உலோகங்களால் விலை அதிகம். குறையைச் சொல்லாமல் விற்ற பொருளின் விலையில் பரக்கத்தை எதிர்பார்க்க முடியுமா? ஏற்கெனவே எடுத்திருந்தால் விற்பதற்கு முன் சரியான கேட்டைப் போட்டுக் கொடுங்கள். முடியாவிட்டால் வாங்குபவரிடம் வாய்விட்டுச் சொல்லி விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டி வாங்குபவர்களும் லிஃப்டில் ஏற்றி, கேட் இருக்கிறதா, அது வெட்டி ஒட்டியதா என்று பாருங்கள். சாவியைத் திருப்பியதும் என்ஜின் விளக்கு ஒருமுறை எரிந்து, வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அது எரியவே இல்லையென்றால் யாரோ அதன் வாயை அடைத்திருக்கலாம்.

பட்டறைத் தொழில் செய்யும் எங்கள் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'நான் செய்யாவிட்டால் பக்கத்துக் கடையில் செய்வான்' என்ற பேச்சை விட்டுவிடுவோம். ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். கழற்றிய கேட்டை எடைக்குப் போட்டால் காசு வரும் என்பது எங்களுக்கும் தெரியும். வாடிக்கையாளரிடம் சொல்லாமல் எடுத்த அந்தக் காசு அமானத்தை மீறிய காசு. கேட்டை எடுக்கச் சொல்லி வரும் பிள்ளையைத் திட்டி அனுப்பாமல், உட்காரவைத்து, அந்த டப்பா என்ன செய்கிறது என்று பத்து நிமிடம் சொல்லிப் பாருங்கள். பலர் கேட்டுக்கொள்கிறார்கள். தொழில் கற்க விரும்பும் பிள்ளையாக இருந்தால் ஸ்கேனரைக் கையில் கொடுங்கள். சத்தத்தில் இருந்த ஆர்வம் தொழிலின் பக்கம் திரும்பட்டும்.

பெற்றோர்களே, வண்டியை வாங்கிக் கொடுப்பதோடு நம் கடமை முடியவில்லை. மாதம் ஒருமுறை அதன் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். புகைச் சான்றிதழின் தேதியைப் பாருங்கள். பட்டறை பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். தாய்மார்களே, பிள்ளை எந்தக் கடைக்கு எதற்குப் போகிறான் என்று கேட்கும் உரிமை உங்களுக்கும் உண்டு. இளைஞர்களே, உங்கள் வண்டியில் இப்போதே கேட் இல்லையென்றால் வெட்கப்பட்டு ஒளிக்க வேண்டாம். எங்களில் யாரிடமாவது கொண்டு வாருங்கள். அதை முறையாக்க என்ன செலவாகும் என்று இருந்தபடி சொல்கிறோம். பார்த்துச் சொல்வதற்குக் கூலி வாங்க மாட்டோம், இன்ஷா அல்லாஹ்.

நம் வாகனங்களை நமக்கும் பிறருக்கும் தீங்கில்லாதவையாக ஆக்கி, நம் உழைப்பிலும் வியாபாரத்திலும் பரக்கத்தைத் தந்து, நம் பிள்ளைகளைப் பயணங்களில் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.